குத்தம்பாக்கம் இளங்கோ

ரங்கசாமி இளங்கோ (பிறப்பு 1960), 1996 முதல் 2006 வரை இரு முறை குத்தம்பாக்கம் ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தவர். குத்தம்பாக்கம், பூந்தமல்லி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர். படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எனப் பரவிய தொழிற்சாலை வட்டாரத்துக்கு வடக்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது.

தலித் குடும்பத்தில் பிறந்த இளங்கோ, சென்னையில் வேதிப் பொறியியல் படித்து ஆயில் இந்தியா நிறுவனத்திலும், பின்னர் மைய அரசின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றத்திலும் பணியாற்றினார். ஊரில் சாதிப் பாகுபாடும் கள்ளச்சாராயமும் மலிந்திருந்தன. 1994இல் வேலையை விட்டு ஊர் திரும்பினார். அதே ஆண்டில்தான் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி 1996இல் நடந்த தேர்தலில் நின்று வென்றார். கிராம ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிச் சின்னமும் கிடையாது. கட்சிப் பின்புலம் இல்லாத ஒருவரும் நுழையக்கூடிய வாசல் அது.

முதல் பதவிக்காலத்தில் கழிவுநீர்க் கால்வாய் ஒன்று பெரும் சிக்கலானது. அருகிலிருந்த ஆலைகள் ஒதுக்கிய கருங்கல் துண்டுகளைக் கொண்டு, மதிப்பீட்டைவிடக் குறைந்த செலவில் கட்டினார். அங்கீகரித்த வடிவத்திலிருந்து விலகியதாகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மக்கள் வாக்களித்த தலைவரை நீக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 205ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியரிடம் வைத்திருக்கிறது. இது அச்சட்டத்தின் பெருங்குறை. கிராம சபை அவர் பக்கம் நின்றது. விசாரணைக்குப் பின் பதவி திரும்பக் கிடைத்தது.

அவர் பெயர் நிலைப்பது, பல சாதியினரும் சேர்ந்து வாழும் சமத்துவபுரக் குடியிருப்புத் திட்டத்தால். 1997இல் முதல்வர் மு. கருணாநிதி அறிவித்த அத்திட்டத்தில் ஒவ்வொரு குடியிருப்பிலும் 100 வீடுகள்; அவற்றில் 40 தலித் குடும்பங்களுக்கு. மற்ற ஊர்களில் தனித்தனி வீடுகளாக எழுந்தவை, குத்தம்பாக்கத்தில் 50 இரட்டை வீடுகளாயின. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். சுட்ட செங்கலுக்குப் பதில் உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கற்கள், கூலி ஊராருக்கே. அடுப்புப் புகையும் குழந்தை அழுகையும் சுவர் தாண்டிச் செல்லும்படி வீடு கட்டியது, தீண்டாமைக்கு எதிரான எந்த மேடைப் பேச்சைவிடவும் உறுதியான செயல்.

2001இல் மீண்டும் வென்றார். அவ்வாண்டில் பிற ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி தர ஊராட்சிக் கல்விக்கழகம் தொடங்கினார். காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பாவின் கருத்துகளைப் பின்பற்றி, நெல் குத்துதல், பருப்பு உடைத்தல், எண்ணெய் ஆட்டுதல் போன்ற தொழில்களை அருகருகே உள்ள ஊர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றார். 2006இல் பதவிக்காலம் முடிந்தது.