விரல் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும்

ஸ்கேன் என்றால் நம் வீடுகளில் குழந்தையைப் பார்ப்பது என்றுதான் அர்த்தம். குழந்தை இருக்கும் வீட்டின் கதவையும், அதாவது கருப்பை வாயையும், அதே மெஷினால் அளக்கலாம். குறைப்பிரசவம் வருமா என்பதற்கு அந்த நீளம் ஒரு குறிப்பு. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மெஷின். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த டாக்டர் இயன் டொனால்டுக்கு ரேடாரும் சோனாரும் பரிச்சயம். 1955-ல், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளை காரில் போட்டுக்கொண்டு கிளாஸ்கோ அருகே ஒரு பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் விரிசல் தேடும் கருவி, நீர்க்கட்டியையும் சதைக்கட்டியையும் பிரித்துக் காட்டியது! 1958-ல் ஜான் மெக்விகார், இன்ஜினியர் டாம் பிரவுன் இருவரோடும் சேர்ந்து 'லான்செட்'டில் கட்டுரை எழுதினார்.

கருப்பை வாயை மட்டும் டாக்டர்கள் வெகுகாலம் விரலால்தான் கணித்தார்கள். அது உள்பக்கமிருந்து திறக்க ஆரம்பித்தால் விரலுக்குத் தெரியாது. வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேனிலோ, நிறைந்த சிறுநீர்ப்பை அழுத்தி நீளத்தைக் கூட்டிக் காட்டிவிடும். பிறப்புறுப்பு வழியே பார்க்கும் ஸ்கேன் வந்த பிறகுதான் நம்பகமான அளவு கிடைத்தது.

1996-ல் அமெரிக்காவில் ஜே அயம்ஸ் குழு 2,915 பெண்களை அளந்த ஆய்வு வெளியானது. 24-வது வாரத்தில் சராசரி சுமார் 35 மி.மீ. நீளம் குறையக் குறைய குறைப்பிரசவ வாய்ப்பு ஏறியது.

சரி, தெரிந்து என்ன செய்வது? தையல் எல்லோருக்கும் பலன் தரவில்லை. 2007-ல் பொன்சேகா, நிக்கோலாய்டிஸ் குழு பதில் சொன்னது. 15 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்த 250 பேரில், 34 வாரத்துக்கு முன் பிரசவமானவர்கள், போலி மருந்து வைத்தவர்களில் 34.4%, புரோஜெஸ்ட்டிரோன் வைத்தவர்களில் 19.2%. என்னைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்கு அன்றுதான் உயிர் வந்தது.

2020-ல் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குறைப்பிரசவங்கள். நம் நாட்டில் ஸ்கேன் பற்றிய பேச்சோ 'ஆணா, பெண்ணா' என்பதிலேயே சிக்கிக்கொண்டது. தடுக்க 1994-ல் சட்டமே போட வேண்டியிருந்தது.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு ஒரு விஷயம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு ரயிலேறும்போது, அளந்து மருந்து தொடங்க வேண்டிய காலம் அநேகமாகத் தாண்டியிருக்கும். ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே "கருப்பை வாய் நீளம் எவ்வளவு டாக்டர்?" என்று கேளுங்கள். குறைவென்றால் பயப்பட வேண்டாம். அப்படிப் பலருக்கும் மாதம் நிறைந்தே பிரசவமாகிறது. ஊருக்குப் போகும் பையில் வளையலோடு அந்த ரிப்போர்ட்டும் இருக்கட்டும்.