அரிசி மதுவும் சுட்ட மீனும்: முத்துக்கரையில் வைத்து ஓர் ஆய்வு

1. கேள்வி

ஜப்பானியரின் சாகே அரிசியை நொதிக்க வைத்து எடுப்பது. அதற்கு எந்த நாட்டுச் சாப்பாடு பொருந்தும் என்று இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் உட்கார்ந்து இதைக் கேட்பதில் நியாயம் உண்டு. சுற்றிலும் ஒட்டப்பிடாரத்துக் கரிசல், எட்டிய தூரத்தில் தூத்துக்குடிக் கடல், அதன் தெற்கே கொற்கை. மது உண்ட பழஞ்சான்று இந்தக் கரைக்கு இருக்கிறது. பொருத்தத்தைத் தீர்மானிப்பவை மதுவின் வீரியமும் புளிப்பும்தான், மணம் அடுத்தபடியே என்பது என் துணிபு.

2. பழஞ்சான்று

2.1 மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் கொற்கையைச் சொல்லும்போது முத்தையும் சங்கையும் கள்ளுண்ணும் குடிகளின் பாக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

2.2 மதுவோடு மீனும் சேர்ந்த சான்று பெரும்பாணாற்றுப்படையில், பாணன் காஞ்சிக்குப் போகும் வழியில் கிடைக்கிறது. வலைஞர் குடியிருப்பில் அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, முளைமாவு கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். செய்முறையும் தொடுகறியும் அடுத்தடுத்து வருவது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். பாணனுக்குச் சொல்லப்படுவது ஒரு முழு விருந்து.

3. சாகேயின் இயல்பு

வலைஞர் முளைமாவை நம்பினார்கள். ஜப்பானியர் கோஜி என்னும் பூஞ்சையை நம்புகிறார்கள். இரண்டுக்கும் வேலை ஒன்றே, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது. சாகேயில் மாவுச்சத்து சர்க்கரையாவதும் சர்க்கரை மதுவாவதும் ஒரே தொட்டியில் ஒரே சமயத்தில் நடப்பதால் வீரியம் ஏறுகிறது. புட்டியில் வருவது பெரும்பாலும் 15, 16 சதவீதம். புளிப்பு வைனைவிடக் குறைவு. உமாமி என்னும் சுவையைத் தரும் அமினோ அமிலங்கள் அதிகம். இரும்பு நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் என்று, இரும்பு குறைந்த தண்ணீராகப் பார்த்தே எடுக்கிறார்கள். மீன் உண்பவருக்கு இது முக்கியம். வைனில் உள்ள இரும்புதான் மீனோடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்புகிறது என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

4. பொருத்தம்

4.1 சுட்டதும் உலர்ந்ததும். உப்பு தடவிச் சுட்ட சீலா, தணலில் வாட்டிய நெத்திலிக் கருவாடு இரண்டுக்கும் சாகே பொருந்தும். உலர உலர மீனில் உமாமி செறிகிறது. மதுவிலும் அதுவே இருப்பதால் ஒன்றை ஒன்று தாங்கும். போர்த்துகீசியரின் உப்புக் காட் மீனுக்கும், இத்தாலியரின் முதிர்ந்த பார்மசான் சீஸுக்கும் இதே விதி.

4.2 காரமும் புளியும். நம் மீன்குழம்போடு சாகே தோற்கும். மதுவின் வீரியம் கூடக்கூட மிளகாயின் எரிச்சலும் கூடும். புளிக் கரைசலுக்கு முன்னால் புளிப்புக் குறைந்த மது சப்பென்று ஆகிவிடும். கள் இங்கேதான் ஜெயிக்கிறது. வீரியம் பீரை ஒட்டியது, நுரையும் உண்டு, மிச்சமிருக்கும் இனிப்பு காரத்தை அமர்த்தும், சொந்தப் புளிப்பு புளிக்கு ஈடுகொடுக்கும். கேரளத்துக் கள்ளுக்கடைகளில் கப்பைக் கிழங்கும் குடம்புளி போட்ட மீன்கறியும் நிலைத்தது வெறும் பழக்கத்தால் அல்ல. தாய்லாந்துக் காரச் சமையலுக்குச் சாகே தேடுகிறவர்கள் பால்போல் கலங்கிய, இனிப்பு மிகுந்த நிகோரி வகையை எடுக்கலாம்.

4.3 சூடு. சாகேயை வெதுவெதுப்பாக்கிக் குடிப்பதும் உண்டு. கொழுத்த சாளைக்கு அது நல்லது.

5. இன்றைய நிலை

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. அரசின் மது நிறுவனமான டாஸ்மாக் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் நடத்துகிறது. 40 சதவீதத்துக்கு மேல் வீரியமுள்ள பிராந்திக்கு எந்த மீனும் துணையாகாது. அங்கே தொடுகறி எரிச்சலை அடக்கும் வேலையைத்தான் செய்கிறது. பனைமரத்தில் எஞ்சியது இனிப்பான பதநீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதிப்பு நின்றுவிடும்; சுண்ணாம்பு அந்த இனிப்போடு மெல்லிய காரத்தன்மையைச் சேர்க்கும். ஆகவே அதற்கு மீன் சேராது, புளிப்பே வேண்டும். பனையோலைப் பட்டையில் பதநீரை ஊற்றி, நுங்கோடு மாங்காயையும் சீவிப் போட்டுக் குடிக்கும் வழக்கம் அந்தக் கணக்கில் சரியாக உட்காருகிறது.