சத்திரமும் ஊட்டுப்புரையும்: பாறசாலை எல்லையோரத்தில் ஒரு கிறிஸ்மஸ் கீர்த்தனை

களியக்காவிளையோடு தமிழ்நாடு முடிகிறது. அதைத் தாண்டி இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று நெய்யாற்றின்கரை வரை போகும் நெடுஞ்சாலையின் இருபக்கத்து ஊர்களிலும் டிசம்பர் வந்துவிட்டால் கரோல் குழுக்கள் கிளம்பிவிடும். நம் பக்கத்துக் குடிலுக்கு அங்கே புல்கூடு என்று பெயர். கிறிஸ்மஸ் தாத்தா அங்கே அப்பூப்பன். முற்றத்தில் நின்று பாடுவது பெரும்பாலும் மலையாளப் பாட்டுதான். ஆனால் வயதானவர்கள் இருக்கிற வீடென்றால் தமிழ்க் கீர்த்தனை ஒன்றாவது வேண்டும் என்பார்கள். அப்போது எடுக்கப்படும் பாட்டுகளில் ‘பெத்தலேகம் ஊரோரம்’ முதல் வரிசையில் நிற்கும்.

சின்னப் பாட்டு, துள்ளல் நடை. பெத்தலேகத்துக்கு வெளியே இருக்கும் சத்திரத்தைத் தேடி ஓடிவரச் சொல்லிப் பல்லவி அழைக்கிறது. கலாத்தியருக்குப் பவுல் எழுதிய ‘காலம் நிறைவேறிய’ செய்தியையும், ஆதியாகமத்தில் வரும் பெண்ணின் வித்தையும் முதல் சரணம் நாலைந்து சொற்களில் கட்டிவைத்து, அந்தப் பாலன் நம் சொத்து என்று முடிக்கிறது. இன்னொரு சரணம் முழுக்கக் கேள்விகள்: வானுக்கும் பூமிக்கும் ராஜாவானவருக்கு மாட்டுக்கொட்டிலா வீடு, வாடிய புல்லா மெத்தை, பழங்கந்தையா உடுப்பு? வேதப்பொருள் செறிந்த முதல் சரணத்தைவிட இந்தக் கேள்விச் சரணத்தைத்தான் ஜனங்கள் குரலெடுத்துப் பாடுவார்கள். அந்தச் சத்திரமும் புல்லும் கந்தையும் எந்த வழியாக இங்கே வந்தன, வந்த இடத்தில் எப்படிக் கேட்கப்பட்டன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

புல்லிலிருந்து தொடங்கலாம். மார்ட்டின் லூத்தர் பிள்ளைகளுக்காக எழுதிய கிறிஸ்மஸ் பாட்டு 1535-இல் அச்சில் வந்தது. அன்று ஜெர்மனியில் இளைஞர்கள் பாடித் திரிந்த விடுகதைப் பாட்டொன்றின் மெட்டில்தான் முதலில் அது பாடப்பட்டது. இன்று உலகம் அறிந்த மெட்டு 1539-இல் சேர்ந்தது. எல்லாவற்றையும் படைத்த ஆண்டவர் மாடும் கழுதையும் தின்ற காய்ந்த புல்லின்மேல் படுத்திருக்கிறாரே என்று அதில் ஒரு சரணம் வியக்கிறது. பின்னால் வரும் இன்னொரு சரணம் அவருடைய பட்டும் வெல்வெட்டும் அந்த முரட்டு வைக்கோலும் சுற்றுத்துணியும்தான் என்கிறது. தமிழ்க் கீர்த்தனையின் கேள்விச் சரணத்தோடு இதை ஒட்டிவைத்துப் பார்த்தால் புல் அப்படியே இருக்கிறது, துணியும் இருக்கிறது, ராஜாவும் இருக்கிறார். தற்செயல் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

காரணம், இடையில் வழி இருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு முதலானோர் லூத்தரன் மரபினர். அவர்கள் ஜெர்மன் ஞானப்பாட்டுகளை மெட்டோடு தமிழுக்குக் கொண்டுவந்தார்கள், பின்னர் பப்ரிசியுஸ் அவற்றைச் செப்பமாக்கினார். அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்தான் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார். மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் சிறுவனாக இருந்த அவரைத் தஞ்சைக்கு அழைத்துப் போனார். பிற்காலத்தில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் கையில் வளர்ந்தவர். ஆகவே சாஸ்திரியாரின் ஒரு காதில் ஜெர்மன் ஞானப்பாட்டு, மறு காதில் அரண்மனைக் கீர்த்தனையும் கூத்தும். 1800-ஐ ஒட்டி அவர் எழுதிய ‘பெத்தலேகம் குறவஞ்சி’யில் தேவமோகினி தலைவி, பெத்தலேகத்து நாதர் பாட்டுடைத் தலைவர். குற்றாலத்துக் குறத்தியின் வடிவத்தைக் கிறிஸ்துவுக்கு எடுத்துக்கொள்ள அவர் கூசவில்லை. விடுகதை மெட்டை எடுக்க லூத்தரும் கூசவில்லையே! பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று சபையார் பாடும் கிறிஸ்தவக் கீர்த்தனை ஊன்றி நின்றதும் இவரால்தான். ‘பெத்தலேகம் ஊரோரம்’ அந்தத் தஞ்சை வழியில் வந்த பாட்டு.

தஞ்சையில் சத்திரம் என்றால் வெறும் தங்குமிடமில்லை. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தை 1802-இல் சரபோஜி ஏற்படுத்தினார். அங்கே சோறும் மருந்தும் கல்வியும் கிடைத்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், தம் நாட்டுச் சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு உண்டு என்று அவரே விவரித்திருக்கிறார். பந்தி ஒன்றா என்பது வேறு கதை. ஆனாலும் தஞ்சைக்காரன் மனதில் சத்திரம் தேடிப் போகிறவனுக்குத் திறக்கிற கதவு. அப்படிப்பட்ட இடத்திலும் கர்த்தருக்கு இடமில்லாமல் போனது என்றால் அங்கே அது பெரிய ஆச்சரியம்.

பாறசாலை இருந்த திருவிதாங்கூரிலோ நிலைமை வேறு.

தெற்குத் திருவிதாங்கூரின் சீர்திருத்தச் சபை வரலாறும் தஞ்சையிலிருந்துதான் தொடங்குகிறது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சிதம்பர யாத்திரை போன வழியில் தஞ்சையில் கிறிஸ்தவ உபதேசம் கேட்டு, 1799-இல் அங்கேயே கோல்காப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். குறவஞ்சி எழுதப்பட்ட அதே காலம். அவரைத் தொடர்ந்து 1806-இல் லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அவரும் ஜெர்மன் ஞானப்பாட்டில் ஊறியவர். அவருக்குப் பின் வந்த மீட் ஐயர் காலத்தில் நாகர்கோவிலில் அச்சுக்கூடம் வந்தது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் சாஸ்திரியாரின் பாடல்களைப் பெருமளவில் சேர்த்துக் கீர்த்தனைப் புத்தகம் வெளியிட்டார். அதன்பிறகு தமிழ்க் கீர்த்தனைக்கு மிஷன் எல்லைகள் கிடையாது. லண்டன் மிஷன் கொங்கிரிகேஷனல் சபையாரைச் சார்ந்தது என்பதை இங்கே மறக்கக்கூடாது. அவர்களுடைய பியூரிட்டன் முன்னோர் கையில் இருந்த இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647-இல் கிறிஸ்மஸையே ரத்து செய்தது. அந்தப் பரம்பரையில் வந்த சபையில் கிறிஸ்மஸ் இவ்வளவு பெரிய பண்டிகையானதில் மிஷனெரிகளின் பிரசங்கத்தைவிடக் கீர்த்தனைக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

1840-களின் நடுவில் லண்டன் மிஷனின் ஜான் ஆப்ஸ் பாறசாலையில் இருந்து பணி செய்தார். அவருடைய சபைகளில் நாடார்களும் இருந்தார்கள், நில உடைமையாளர்களிடம் அடிமைப்பட்டிருந்த பறையரும் புலையரும் வந்தார்கள். அன்றைக்கு அடிமையை நிலத்தோடு சேர்த்து விற்கலாம், தனியாகவும் விற்கலாம். இதை நிறுத்தக் கேட்டு மிஷனெரிகள் 1847-இல் மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். விடுதலைப் பிரகடனம் வந்தது 1855-இல். நேற்றுவரை தானே பிறர் சொத்தாக எண்ணப்பட்ட ஒருவன், பிறந்த தேவபாலன் தன் சொத்து என்று பாடுவதை எண்ணிப் பாருங்கள். தஞ்சை அரசவையின் அருகில் இருந்து பாடியவர்களுக்கு அது பக்தி உரிமை. பாறசாலையில் அதற்குச் சட்டத்தின் எதிரொலியும் சேர்ந்துவிட்டது.

சத்திரத்துக்கு வருவோம். திருவிதாங்கூர் தர்மபூமி என்று பேர் வாங்கியது அரசு நடத்திய ஊட்டுப்புரைகளால். அங்கே இலவசச் சோறு பிராமணருக்கு. 1859-ஐ ஒட்டி வந்து பாறசாலையிலும் பின்பு திருவனந்தபுரத்திலும் பணி செய்த லண்டன் மிஷனெரி சாமுவேல் மெட்டீர், 1871-இல் வெளியிட்ட தம் நூலுக்கு அந்தத் தர்மபூமிப் பட்டத்தையே ஆங்கிலத்தில் தலைப்பாக வைத்தார். அந்தத் தர்மம் யாருக்குச் சேர்ந்தது என்பதை அதற்குள்ளே எழுதினார். ஊட்டுப்புரை இருக்கட்டும், அரசுச் சாலையில் நடக்கவே கீழ்ச்சாதியாருக்குத் தடை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனது ஒரு போராட்டமாகவே நினைக்கப்படுகிறது. ஆகவே, யோசேப்புக்கும் மரியாளுக்கும் இடம் மறுக்கப்பட்ட கதை இவர்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க முடியாது, தினசரி நடப்புதான். ஆண்டவருக்கும் அதே நடந்தது என்பதுதான் புதுச் செய்தி.

கந்தையும் அப்படியே. மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் 1820-களில் தொடங்கிய போராட்டம் 1858-இன் கடைசியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் கலவரமாக வெடித்தது. 1859 ஜூலை 26-இல் வந்த பிரகடனம்கூட அரைகுறைதான்: குப்பாயம் என்னும் மேற்சட்டையும் முரட்டுத்துணியும் போடலாம், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது. யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று அரசன் கையெழுத்துப் போட்டுச் சொல்லுகிற நாட்டில் ராஜாதிராஜனுக்குப் பழங்கந்தை என்று பாடுகிறார்கள். இந்த வரிக்குத் தனியாக விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு முரணைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு பாதியில் நிற்கும். வேதநாயகம் சாஸ்திரியார் வேளாளர். 1820-களின் இறுதியில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனெரிகள் சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்கவும் தமிழிசையைக் கட்டுப்படுத்தவும் முனைந்தபோது இரண்டையும் அவர் ஒன்றாகச் சேர்த்து எதிர்த்து எழுதினார். இசை விஷயத்தில் அவர் சொன்னது சரி, சாதி விஷயத்தில் தவறு என்று இன்று நாம் பிரித்துச் சொல்லலாம். அவருக்கு இரண்டும் ஒரே மரபாகப் பட்டன. அவர் காத்த இசையையும் அந்த வழியில் வந்த பாட்டுகளையும், அவர் சமமாக உட்கார்த்த விரும்பாத மனிதர்களின் பேரப்பிள்ளைகளே பாறசாலையில் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

தமிழ்க் கீர்த்தனை இந்தப் பகுதியில் தமிழோடு நிற்கவில்லை. நெய்யாற்றின்கரைக்கு அடுத்த திருப்புறத்தில் 1847-இல் பிறந்த மோசவத்சலம் பள்ளி ஆசிரியராக இருந்து, பின் சபை ஊழியத்துக்கு வந்தவர். மெட்டீரின் ஊக்கத்தில் பாட்டு மொழிபெயர்ப்பில் இறங்கி, பிறகு சொந்தமாகவே எழுதினார். தஞ்சை வேதநாயகத்தைப் போல அவருக்கும் சாஸ்திரியார் என்றே பட்டம். பல்லவி, அனுபல்லவி, சரணம், மேலே ராக தாளக் குறிப்பு என்ற தமிழ்க் கட்டமைப்பு அவர் கையில் மலையாளக் கீர்த்தனையாகிவிட்டது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை சிலுவைப் பாட்டுகளும் திருவிருந்துப் பாட்டுகளும். 1916-இல் அவர் மறைந்தார். லண்டன் மிஷன் வட்டத்தைத் தாண்டி மத்திய கேரளத்து மார்த்தோமா சபையார்வரை இன்றும் அவரைப் பாடுகிறார்கள்.

விசுவாசத்துக்கு இந்தக் கீர்த்தனையால் வந்தது என்ன? தேவன் மனிதரானார் என்பதை நிசேயா விசுவாசப் பிரமாணம் அறிக்கையாகச் சொல்லுகிறது. 1739-இல் சார்லஸ் வெஸ்லி எழுதிய ஆங்கிலக் கிறிஸ்மஸ் பாட்டும் அதை ஏறக்குறைய உபதேச நடையில் சொல்லும். ‘பெத்தலேகம் ஊரோரம்’ கேட்டுக்கொண்டே போகிறது, பதிலைத் தான் சொல்லுவதில்லை. இது ராஜாவுக்குத் தகுமா என்ற கேள்விக்குத் தகும் என்றும் சொல்ல முடியாது, தகாது என்றும் சொல்ல முடியாது. தகாது என்றால் கொட்டிலில் பிறந்த தன் பிள்ளையும் மட்டமாகிவிடும். தகும் என்றால் கொட்டிலிலேயே கிட என்கிற ஊர் வழக்கத்துக்குச் சாட்சி சொன்னதாகிவிடும். கிறிஸ்து தம்மைத் தாமே வெறுமையாக்கினார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியதைச் சபையார் இந்த இரண்டு முனைக்கும் நடுவில் நின்று பாடினார்கள். வறுமையைப் புனிதமாக்கி மக்களைத் தூங்கவைக்கும் பாட்டு என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் பாடிய சபைகளே பள்ளிக்கூடத்தையும் குப்பாயத்தையும் சாலையையும் கேட்டு நின்றன என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மூன்று ஆண்டு கழித்து, 1959-இல், தென்னிந்தியத் திருச்சபையின் தென்திருவிதாங்கூர்ப் பேராயமும் கன்னியாகுமரி, தென்கேரளம் என்று இரண்டாகியது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் பழையபடியே களியக்காவிளையைத் தாண்டி நடந்தன. ஆராதனையில் அந்தப் பக்கம் மலையாளம் உறுதிப்பட்டது. அதனால் குமரி மாவட்டத்தில் இந்தக் கீர்த்தனைக்கு ஆராதனைப் புத்தகத்தில் எண் உண்டு. பாறசாலைப் பக்கத்தில் அது பெரும்பாலும் கோயிலுக்கு வெளியே, கரோல் குழுவின் வாயில்தான் இருக்கிறது. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பையன்கள் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டு பாடுகிறார்கள். கேள்விச் சரணம் வரும்போது தாளைப் பார்ப்பதில்லை.