விசையும் எழுத்தும்: தமிழ் உள்ளீட்டில் ஒரு வடிவமைப்புத் தேர்வு

மலாக்கா மாநிலத்தில் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டப்புறப் பள்ளியாயினும் நகரத் தமிழ்ப்பள்ளியாயினும், கணினி அறையில் மாணவர் காண்பது உரோமன் எழுத்துகள் பொறித்த விசைப்பலகையே. அதிலிருந்து தமிழ் எவ்வாறு பிறக்கிறது என்பதை மொழியியல் நோக்கில் காண்போம்.

விசைப்பலகை எம்மொழியையும் அறியாது. ஐபிஎம் வகைக் கணினியில் 'எச்' விசையை அழுத்தினால் 35 என்னும் எண்ணும், விட்டால் 163 என்னும் எண்ணும் இயக்குதளத்தைச் சேரும். அவ்வெண்ணைப் பெற்று மேலே அனுப்பும் சிறு நிரலே சாதன இயக்கி. அந்த 35-ஐக் ககரமாக்குவது யார் பொறுப்பு? வடிவமைப்பாளரைப் பல்லாண்டு அலைக்கழித்த வினா இது.

தட்டச்சுப்பொறிக்கு இவ்வினா இல்லை. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையாவின் வழிவந்த பலகையில் 'கொ' வேண்டுமாயின் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டினர். தொடக்கக்காலக் கணினி எழுத்துருக்கள் பலவும் அதனையே பின்பற்றின. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தமையால் இயக்கியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. எளிய வழிதான், ஆயின் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பு வெறும் குப்பை. அகரவரிசைப்படுத்தலும் அதில் இயலாது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 பலகை வேறு வழியில் சென்றது. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ககரத்தின் பின் ஆகாரத்தைத் தட்டினால் 'கா'. ககரத்தை இருமுறை தட்டினால் 'க்க'. 'பப்பாளி' எழுதுவோர் முதல் பகரத்தின் பின் அகரத்தையும் தட்டல் வேண்டும். இல்லையேல் புள்ளி தானே விழுந்துவிடும். உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் முதலெழுத்து எனக் கொண்ட தொல்காப்பியர்க்கு இப்பலகை அந்நியமாகத் தோன்றாது.

இதற்கு விலை உண்டு. விண்டோசு 2000-இல் வந்த இன்ஸ்கிரிப்ட் பலகையில் உயிருக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி இடம். ஆதலின் விசைக்கு ஓர் எழுத்து என்னும் அட்டவணையே போதும். தமிழ்99-க்கோ முன்னெழுத்தை நினைவிற்கொள்ளும் நிரல் தேவை. அந்நினைவைச் சாதன இயக்கியுள் வைத்தல் பிழை என்பதே நம் கருத்து. சுட்டி கொண்டு எழுதுவோர் வேறிடம் சென்றால் இயக்கி அதனை அறியாது. பழைய ககரத்தோடு புதிய ஆகாரத்தை ஒட்டிவிடும். இயக்கி எண்ணை மட்டும் அனுப்ப, அதன்மேல் அமரும் உள்ளீட்டு நிரல் ஆவணத்தைப் பார்த்து எழுத்தை முடிவு செய்தலே முறை.

நம் நாட்டில் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன், உரோமன் ஒலிப்புவழி அமைந்த அஞ்சல் முறையையும் பரப்பினார். மலாயை ரூமியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு அது உடனே கைவரும். எனினும் அம்முறையில் 'அம்மா' என்று எழுதும் பிள்ளை உரோமன் எழுத்துகளையே முதலில் எண்ணுகிறது. தமிழ்ப்பள்ளியில் முதலில் தமிழ்99-ஐயே கற்பிக்க வேண்டும் என நாம் வற்புறுத்துவது இதனால்தான். அஞ்சல் முறையைப் பின்னர்த் தாமே கற்றுக்கொள்வர்.