நூல் யார் கையில்?

கைத்தறி நெசவாளர்களுக்குத் தொழில்முனைவைப் படிப்பிக்க வேணும் என்ற பேச்சை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். அவர்களுக்கு நெய்யத் தெரியும், வியாபாரம் தெரியாது என்பதுதான் அதற்குள் இருக்கிற எண்ணம். மருதமுனையின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

கல்முனைக்கு வடக்கே கடலோரமாக இருக்கிற இந்த முஸ்லிம் ஊர், சாறனுக்கும் கைத்தறிச் சேலைக்கும் பெயர்போனது. இங்கே நெசவு வீட்டுத் தொழிலாக வளர்ந்தது. நூலுக்குச் சாயம் போட வேணும், பாவு ஓட்ட வேணும், ஊடைக்கு நூல் சுற்ற வேணும். நெய்கிறவரோடு வீட்டுப் பெண்களின் உழைப்பும் இதில் சேர்கிறது. எந்த நிறம் விலைப்படும், நூலுக்குப் போட்ட காசு எப்போது திரும்பும் என்று கணக்குப் பார்த்துத்தான் ஒரு பாவு தறியில் ஏறும். தொழில்முனைவு என்பது இதுதானே?

1970 முதல் 1977 வரை ஆட்சியில் இருந்த அரசாங்கம் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டுத் துணி குறைய, உள்ளூர்த் தறிகளுக்குச் சந்தை கிடைத்தது. 1977 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தோடு நிலைமை தலைகீழானது. ஆலைத் துணி மலிவாக வந்து குவிந்தது. நாடெங்கும் பல கைத்தறிகள் நின்றுபோயின. நெசவாளர்கள் திடீரென்று தொழிலை மறந்துவிட்டார்களா? இல்லை, மாறியது அரசின் கொள்கை.

பிறகு போர் வந்தது. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி இந்தக் கரையை அடித்துப் போனது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. நூலும் சாயமும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை. தறி வீட்டுக்குள் இருந்தாலும் அதன் செலவு டொலரோடு ஏறும்.

இப்படியான நேரங்களில் கைக்காசு இல்லாதவர் என்ன செய்வார்? முதலாளியிடம் நூல் வாங்கி, கூலிக்கு நெய்து கொடுப்பார். தறி அவருடையதாகவே இருக்கலாம். ஆனால் விலையைத் தீர்மானிப்பது நூல் கொடுத்தவர். சுயதொழில் செய்தவர் தன் வீட்டிலேயே கூலியாளாகிறார்.

அதனால் பட்டறை நடத்துபவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். சான்றிதழ் கொடுப்பதற்கு முதல், நெசவாளர்கள் கூட்டாக நூல் வாங்க ஒரு வழி செய்து கொடுங்கள். மிச்சக் கணக்கை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.