நரம்பறிவியலில் பணி வாய்ப்புகள்: நான்கு வழிகளும் அவற்றின் மதிப்பீடும்

1. முன்னுரை

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றை ஆராயும் துறைக்குள் நுழைய விரும்பும் மாணவர், எதைப் படித்தால் நரம்பறிவியலாளர் ஆகலாம் என்றுதான் முதலில் கேட்பார். இந்தியச் சூழலில் இதற்கு ஒற்றை விடை கிடையாது. மருத்துவர், உயிரியலர், உளவியலர், கணினிப் பொறியாளர் ஆகிய நால்வரும் ஒரே ஆய்வுத் திட்டத்தில் இருப்பர். நால்வரின் பதவிப் பெயரும் வேறு வேறாக இருக்கும். எனவே, பட்டத்தின் பெயரை வைத்து வேலை தேடாமல், அன்றாடம் கையாள விரும்புவது நோயாளியையா, திசுவையா, மின்பதிவையா, தரவையா என்று முடிவு செய்துகொண்டு வழியைத் தேர்வதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. மருத்துவ வழி

நான்கு வழிகளில் காலத்தால் மூத்தது இதுவே. 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அதற்கடுத்த ஆண்டுகளில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி அத்துறையை வளர்த்தெடுத்தார். பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 1974-இல் உருவானது.

கால அளவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பயிற்சி மருத்துவர் காலத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. பொது மருத்துவம் மூன்று ஆண்டு, அதன்பின் டி.எம். நரம்பியல் மூன்று ஆண்டு. ஆக, நுழைவுத் தேர்வுகளுக்காகக் காத்திருக்கும் காலம் நீங்கலாகவே பதினொன்றரை ஆண்டுகள் ஆகின்றன. அறுவை சிகிச்சையை நாடுவோர் எம்.எஸ். முடித்து எம்.சிஎச். படிக்கின்றனர்.

தேவை குறைய வாய்ப்பில்லை. மூளையில் இரத்தக் குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தவருக்கு, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தியாக வேண்டும். மாவட்டத் தலைநகரிலேயே ஸ்கேன் எடுக்கவும் அதைப் பார்த்து முடிவெடுக்கவும் ஆள் இல்லையென்றால், அந்த நேரம் ஆம்புலன்ஸிலேயே கழிந்துவிடும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரக் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021-இல் தொடங்கியது. தலைக்காயத்துக்குச் சிகிச்சை தரும் குழுக்கள் பெருநகரங்களுக்கு வெளியேயும் தேவைப்படுகின்றன என்பதை இத்தகைய திட்டங்கள் உணர்த்துகின்றன.

3. நோயறி தொழில்நுட்பமும் மறுவாழ்வும்

3.1 தொழில்நுட்பர்: மாணவர் அதிகம் அறியாத பிரிவு இது. மூளையின் மின்னோட்டத்தை ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாக மனிதரிடம் பதிவு செய்தார். அந்த இ.இ.ஜி. பதிவு இன்றும் வலிப்பு நோய்ப் பரிசோதனையின் அடித்தளமாக இருக்கிறது. நோயாளியைத் தலைக்கு எண்ணெய் வைக்காமல், குளித்து வரச் சொல்வார்கள். தொழில்நுட்பர் மூக்கின் வேர்ப்பகுதியிலிருந்து பிடரி எலும்பு மேடுவரை நாடாவால் அளந்து, பத்து, இருபது விழுக்காடு இடைவெளிகளில் பென்சிலால் குறியிட்டு, பசை தடவி மின்முனைகளை ஒட்டுவார். பதிவு ஓடும்போது கண்ணைத் திறந்து மூடச் சொல்வார். சில நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார். விளக்கை மின்னவைத்துப் பார்ப்பார். கண் சிமிட்டலால் எழும் அலையை நோயின் அலையாகக் கொள்ளாதபடி அப்போதைக்கப்போது குறித்தும் வைப்பார். இந்தக் குறிப்பு பிழையானால் மருத்துவரின் முடிவும் பிழையாகக்கூடும். சான்றிதழ், பட்டயம், இளநிலைப் பட்டம் ஆகிய நிலைகளில் இதற்குப் படிப்புகள் உள்ளன. இணை மருத்துவத் தொழில்களின் கல்வியையும் பதிவையும் முறைப்படுத்த 2021-இல் தேசிய அளவில் தனிச் சட்டம் வந்தது.

3.2 மறுவாழ்வுப் பணியாளர்: பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், மருத்துவ உளவியலர் ஆகியோர் இப்பிரிவினர். மருத்துவ உளவியலராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு தேவை. வெறும் எம்.எஸ்ஸி. உளவியல் பட்டம் இதற்குப் போதாது என்பதைப் பலர் படித்து முடித்த பிறகே அறிகின்றனர்.

4. ஆய்வு வழி

அரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆய்வு மையம், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமும் தேசிய உயிரியல் மையமும், மும்பையில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் ஆகியவை இவ்வழியின் முதன்மை இடங்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட் முதலிய தேர்வுகள் இவற்றுக்கு வாயிலாக உள்ளன. உயிரியல் படித்தோருடன் பொறியியல், இயற்பியல் பட்டதாரிகளும் முனைவர் பட்ட ஆய்வில் சேர முடிகிறது.

இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதந்தோறும் 37,000 ரூபாய். முதுநிலை நிலையில் 42,000 ரூபாய். இதற்கு மேல் வீட்டு வாடகைப்படி உண்டு. இத்தொகை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கே வழங்கப்படும். விலங்குப் பரிசோதனை சார்ந்த ஆய்வோ அதற்குள் முடியாமல் நீள்வது உண்டு. முனைவர் பட்டம் பெற்ற பின்னும் நிரந்தரப் பணிக்கு முன் சில ஆண்டுகள் ஒப்பந்த அடிப்படையில் ஆய்வு செய்ய நேரும். இவ்வழியில் வருவோர் இதைத் தெரிந்தே வர வேண்டும்.

5. பொறியியல், தரவு வழி

சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-இல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. கருவிலுள்ள சிசுவின் மூளை அமைப்பைக் காட்டும் ‘தரணி’ என்ற படத்தொகுப்பை 2024 டிசம்பரில் அது வெளியிட்டது. அதில் 5,132 மூளைச் சீவல்களின் எண்ணிமப் படங்கள் உள்ளன. இத்தகைய தொகுப்புக்குப் பின்னால் எத்தனை வகைப் பணி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்: திசுவை உறையவைத்துச் சீவுபவர், சாயம் ஏற்றுபவர், உருப்பெருக்கியில் படமெடுக்கும் கருவியை அமைப்பவர், படங்களை அடுக்கி முப்பரிமாணமாக்கும் நிரலாளர், ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் குறிக்கும் உடற்கூற்றியலர். இப்பட்டியலில் நரம்பறிவியல் என்ற பெயரில் பட்டம் பெற்றிருக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. எம்.ஆர்.ஐ. பட அலசல், மருத்துவக் கருவி வடிவமைப்பு, மருந்து நிறுவனங்களின் மருத்துவச் சோதனை மேற்பார்வை ஆகியவையும் இவ்வகைப் பணிகளே.

6. ஒப்பீடும் முடிவும்

மருத்துவ வழியில் காலம் மிகுதி, பணி உறுதியும் மிகுதி. தொழில்நுட்ப வழியில் விரைவில் வருமானம் வரும். மேற்படிப்பு இல்லையேல் உயர்வு ஓரிடத்தில் நின்றுவிடும். ஆய்வு வழியில் சுதந்திரம் உண்டு, நிரந்தரம் தாமதமாகும். தரவு வழியில் வந்தவர், மூளை சார்ந்த வேலை கிடைக்காவிட்டாலும் கற்ற திறனைக் கொண்டு வேறு துறையில் பிழைத்துக்கொள்ளலாம்.

இதிலிருந்து மூன்று பரிந்துரைகள் பெறப்படுகின்றன. முதலாவது, இளநிலையில் ஓர் அடிப்படைத் துறையை ஆழமாகக் கற்பது. இரண்டாவது, எவ்வழியில் செல்வோரும் புள்ளியியலும் ஒரு நிரல்மொழியும் கற்றுக்கொள்வது. மின்பதிவானாலும் ஸ்கேன் படமானாலும் இறுதியில் எண்களாகவே கைக்கு வருகிறது. மூன்றாவது, முதுநிலைக்கு முன்பே இந்திய அறிவியல் அகாதமிகள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி போன்ற ஒன்றில் சேர்ந்து, ஆய்வகத்தின் நாள்முறையை நேரில் காண்பது. எலியைத் தொடவே கூசும் மாணவர், முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் அதை உணர்வதைவிடப் பட்டப்படிப்பின் விடுமுறையிலேயே உணர்ந்து, தரவுப் பக்கம் திரும்புவது நல்லது.