மாரியில் வந்தவர்கள்

புத்தளத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இப்னு பதூதாவிலிருந்தே தொடங்குவர். நானும் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். ஆனால், அவர் சந்தித்த ஆரியச் சக்கரவர்த்திக்காகவோ இங்கு கண்ட முத்துக்களுக்காகவோ அல்ல. அவர் இங்கு வந்து சேர்ந்த விதத்துக்காக. 1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் எனப்பட்ட சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டவர் அவர். மூன்று நாட் பயணம். கப்பலிலோ தேர்ந்த வழிகாட்டி இல்லை. ஒன்பதாம் நாள் கண்ணுக்குத் தெரிந்தது இலங்கைக் கரை. அவர் 'பத்தாலா' என்று குறித்த ஊர் நமது புத்தளமே என்பது ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. வெள்ளம் அடித்து வந்து கரையில் ஒதுக்கிய கறுவா மரங்களை வியந்து எழுதியிருக்கிறார். இந்த ஊரைப் பற்றிய மிகப் பழைய பயணக் குறிப்புகளில் ஒன்றிலேயே மழையின் வேலை பதிவாகிவிட்டது.

அரபு மாலுமிகள் கடலோடும் காலத்தை 'மவ்ஸிம்' என்றார்கள். அச்சொல்தான் போர்த்துக்கேயர் வாயில் திரிந்து, ஆங்கிலத்தில் 'மொன்சூன்' ஆயிற்று. நம்மவர்கள் அதனைச் சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று திசைக்கொரு பெயரிட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாடநூல்கள் சொல்லும் நான்கு பருவங்களைவிட இந்த நான்கு பெயர்கள் கரையோரத்தவர்க்கு அதிகம் பயன்பட்டன.

தில்லையடி புத்தளம் நகரை அடுத்துத் தெற்கே, களப்பை அண்டிய தாழ்ந்த பூமி. தமிழ்நாட்டுத் தரங்கம்பாடியின் பக்கத்திலும் ஒரு தில்லையாடி உண்டு. வள்ளியம்மையின் பெயரோடு அறியப்படுவது அது. தில்லை என்பது உவர்ச் சேற்றோரம் வளரும் மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஓர் ஊருக்கு அந்த மரத்தின் பெயர் வாய்த்தால், நிலம் எப்படிப்பட்டது என்பதை விசாரிக்கத் தேவையில்லை.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் இங்கு ஓயாமல் வீசும், ஆனால் மழை தராது. ஈரக்காற்றை மேலெழுப்பி மழையாக்க இரத்தினபுரிப் பக்கம் மலை இருக்கிறது. இங்கோ கடலிலிருந்து உட்புறம்வரை தட்டை நிலம். எனவே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 முதல் 1,200 மில்லிமீற்றர்தான். கொழும்பில் பெய்வது இதன் இரு மடங்கு. பெய்வதிலும் பெரும்பகுதி ஒக்டோபரில் தொடங்கி டிசெம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். யாழ்ப்பாணத்தின் கணக்கும் ஏறக்குறைய இதுதான். பாறையும்கூட ஒன்றுதான், புத்தளத்திலிருந்து மன்னார் வழியே குடாநாடுவரை ஒரே சுண்ணாம்புக்கல் படுக்கை நீள்கிறது.

1990 ஒக்டோபரின் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் தஞ்சம் புகுந்தது புத்தளம் மாவட்டத்தில். திகதி, மணி, கையில் கொண்டுபோக விட்ட ரூபாய் எல்லாம் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. பருவம் மட்டும் எழுதப்படவில்லை. அந்த வெளியேற்றத்தைப் பற்றிய நமது கவிதைகளிலும் கதைகளிலும் மழை வருகின்ற இடங்களை நாம் குறியீடாகவே வாசித்துப் பழகிவிட்டோம். விமர்சகர்கள் அதனைக் கண்ணீர் என்கிறார்கள், வானமும் அழுதது என்கிறார்கள். எனக்கு இந்த வாசிப்பில் உடன்பாடில்லை. அது மாரி மழை. வருடம் தவறாமல் அந்த மாதத்தில் பெய்வது. வீடு இழந்தவன் தலையில் அது பெய்யும் என்பது குறியீடல்ல, நாட்காட்டி.

நான் புத்தளத்தான். எங்களுக்கு மாரி ஒரு நல்ல சொல். குளம் நிரம்பும், கிணறு ஊறும், தென்னை அடுத்த வருடக் காய்க்குத் தயாராகும். பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் நிரம்பி வழிந்த அந்த நவம்பருக்குப் பிறகு, தென்னந்தோட்டங்களிலும் களப்போரத் தரவைகளிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தபோதுதான் அதே சொல்லுக்கு வேறொரு பொருள் இருப்பது எங்களுக்குத் தெரியவந்தது. மேட்டு நிலம் ஏற்கனவே உரியவர்களிடம் இருந்தது. வந்தவர்களுக்குக் கிடைத்தது பள்ளம். தண்ணீர் வடிய வழியில்லாத இடத்தில் மண் தரையும் ஓலைக் கூரையும். கிடுகு இரண்டு மாரி தாங்கும், அதற்குமேல் மாற்ற வேண்டும். மாற்றக் காசு வேண்டும்.

காசு எங்கிருந்து வரும்? உப்பளத்திலிருந்தும் கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களிலிருந்தும். கடை வைத்திருந்தவர்களும் தையற்காரர்களும் கமக்காரர்களும் அங்கு நாட்கூலிகளானார்கள். உப்பு வெயிலில் விளைவது. பாத்தியில் உப்புப் பூக்கும் நேரத்தில் ஒரு மழை விழுந்தால் எல்லாம் கரைந்துபோகும். மாரி தொடங்கினால் உப்பளத்தில் வேலை இல்லை. ஆகவே கொட்டில் ஒழுகுகிற அதே மாதங்களில்தான் கூலியும் நின்றது. கோடை வந்தால் கூலி உண்டு, குடிநீர் இல்லை. கிணறு உவர்த்துப் பவுசருக்குக் காத்திருக்க வேண்டும். ஊரவனுக்கும் அகதிக்கும் மேலே ஒரே வானம் இருந்தும், ஒருவன் வேண்டிய மழையை மற்றவன் அஞ்சினான். தண்ணீருக்கும் பாடசாலை இடத்துக்கும் கூலிக்கும் பின்னாளில் எழுந்த மனக்கசப்புகளை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நமது ஹிஜ்ரி மாதங்கள் பருவத்துக்குக் கட்டுப்படாதவை. முகாம் மக்களின் முதல் ரமழான் 1991 மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிந்தது. சூரியன் இந்தத் தீவின் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 5 முதல் 15 வரை. காற்றும் அசையாத காலம். நிழல் காலடிக்குள் சுருங்கும் அந்த நாட்களில், தகரத்தின் கீழும் தறப்பாளின் கீழும் நோன்பு நோற்றவர்கள் இன்றும் அந்த வருடத்தை வருட எண்ணால் சொல்வதில்லை, 'வெயில் நோன்பு' என்றால் விளங்கிக்கொள்கிறார்கள்.

2007இல் உலக வங்கியின் நிதியுடன் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தின் பின் கல்வீடுகள் பெருகின. 2009இல் போர் முடிந்தது. திரும்பிப் போகலாம் என்றார்கள். போனவர்களிலும் பலர் முழுதாய்ப் போகவில்லை. முசலிப் பக்கம் பெரும்போக வயலுக்கு ஒக்டோபரில் போய், அறுவடை முடிய இங்கு வருகிற குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, வயல் அங்கே. புத்தளத்திலிருந்து வில்பத்து வழியாக மன்னார் போகும் பழைய பாதையோ எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்தைக் கடக்க வேண்டும். கலா ஓயா பெருகினால் பாலம் தண்ணீருக்குள். வயலுக்குப் போகவேண்டிய பருவத்தில்தான் வழி அடைபடுகிறது.

வானமும் இப்போது பழைய ஒழுங்கில் இல்லை. 2025இல் காலந்தவறிய மழையால் உப்பு விளைச்சல் கெட்டு, நாலாபுறமும் கடல் சூழ்ந்த நாடு உப்பை இறக்குமதி செய்தது. அவ்வருட நவம்பர் இறுதியில் டித்வா புயல். நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டார்கள், புத்தளம் மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கியது. அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் ஒன்று, அநுராதபுரம் - புத்தளம் வீதியில் கலா ஓயா வெள்ளத்தில் அகப்பட்டது. ஏறத்தாழ எழுபது பயணிகள் ஒரு வீட்டுக் கூரையில் ஏறி நின்று மீட்கப்பட்டார்கள். வெளியேற்றப்பட்ட மக்களில் பலர் 1990இல் புத்தளத்துக்கு வந்து சேர்ந்ததும் அதே வீதியால்தான். முப்பத்தைந்து வருடமும் ஏறத்தாழ ஒரு மாதமும் கழிந்திருந்தன. பருவம் அதே பருவம்.